சொந்தமாகப் படம் வரையக் கிளம்புபவர்களுக்கு: எந்தத் தாள், எவ்வளவு செலவு, எந்த மாதம்

ஒன்பது வருடம் சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் படம் வரைந்து சம்பளம் வாங்கினேன். பிறகு வேலையை விட்டுவிட்டு, புத்தக அட்டைகளும் சிறுவர் கதைகளுக்கான ஓவியங்களும் சொந்தமாக வரையத் தொடங்கினேன். கை ஓடும், பத்துப் பதிப்பாளர்களைத் தெரியும், மீதியைப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம். முதல் இரண்டு வருடத்தில் ஆறாயிரம் ரூபாய் வரி எங்கோ போய் மாட்டிக்கொண்டது. ஒரு போலித் தளத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போனது. எல்லாவற்றையும்விட, அண்ணன் என்று நான் கூப்பிட்ட ஒரு பதிப்பாளரோடு பேச்சே நின்றுபோனது. அந்தக் கடைசி நஷ்டத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். பணத்தைத் திரும்பச் சம்பாதித்துவிடலாம்.

நம் மனசு எவ்வளவு நல்லது என்பது எதிரே இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. அவருக்குத் தெரிவது நாம் சொன்ன தேதி, அனுப்பிய பில், எழுதிக் கொடுத்த தாள். அதனால் இந்தக் கட்டுரை பெரும்பாலும் தாள்களைப் பற்றியது. தமிழ்ப் புத்தகங்களுக்கு வரைபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன் என்றாலும், வடிவமைப்பு, புகைப்படம் என்று தனியாகத் தொழில் செய்யப்போகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்

முதலில், அலுவலகத்தில் நீங்கள் வரைந்தவை உங்களுடையவை இல்லை. பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும்போது அந்த வேலையின் பகுதியாக வரைந்ததற்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், நிறுவனம்தான் முதல் உரிமையாளர். 'என் வேலைகள்' என்று பதிப்பாளரிடம் அவற்றைக் காட்டவேண்டுமானால் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தெந்தப் படங்கள் என்று பட்டியலிட்டு, மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். 'மாதிரிக்குக் காட்டிக்கொள்ளலாம்' என்று ஒரு வரிப் பதில் வந்தால் போதும். அந்தப் பதிலை உங்கள் சொந்த முகவரிக்கும் அனுப்பச் சொல்லுங்கள். கடைசி நாள் சாயங்காலமே அலுவலக மின்னஞ்சல் மூடிவிடும், நான் அப்படித்தான் அனுமதிக் கடிதம் இல்லாமல் வெளியே வந்தேன்.

கையில் இருக்கவேண்டியவை: விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, கடைசி ஆண்டில் சம்பளத்தில் பிடித்த வரிக்கு நிறுவனம் தரும் சான்று (ஃபார்ம் 16), கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. பி.எஃப். கணக்கில் உங்கள் சொந்தக் கைபேசி எண்ணும் ஆதாரும் இணைந்திருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். ஐந்து வருடம் தொடர்ச்சியாக முடியாமல் அந்தப் பணத்தை எடுத்தால் வரி வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மருத்துவக் காப்பீடு இன்னொன்று. நிறுவனம் எடுத்துக் கொடுத்த குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். தனியாக எடுக்கும் காப்பீட்டில் விபத்து தவிர மற்றவற்றுக்குப் பொதுவாக முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்பு வைக்கலாம். அதனால் நோட்டீஸ் காலம் தொடங்கும் அன்றே எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

கையிருப்பு ஆறு மாதச் செலவுக்கு வேண்டும். மூன்று மாதம் போதும் என்று சொல்பவர்கள் பதிப்புத் துறையில் பணம் எப்போது வரும் என்பதைப் பார்க்காதவர்கள்.

2. எந்த மாதம் கிளம்புவது

சென்னைப் புத்தகக் காட்சி டிசம்பர் கடைசியிலோ ஜனவரி முதலிலோ தொடங்கும். நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் புத்தகம் விற்கவேண்டுமென்றால் அட்டை டிசம்பர் முதல் வாரத்துக்குள் அச்சகம் போயிருக்கவேண்டும். ஆக, செப்டம்பர் முதல் டிசம்பர் வரை எல்லாப் பதிப்பாளர்களுக்கும் ஒரே நேரத்தில் ஓவியர் தேவைப்படுவார். அந்த அவசரத்தில் புதியவருக்கும் கதவு திறக்கும். ஆனால் பணம் காட்சி முடிந்து, விற்ற காசு கைக்கு வந்த பிறகு, பிப்ரவரி வாக்கில்தான் நகரும். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணையை நம்பி இருக்கும் பதிப்பாளர் என்றால் இன்னும் தள்ளிப்போகும்.

என் கணக்குப்படி ஜூன், ஜூலையில் வேலையை விடுவது நல்லது. இரண்டு மாதம் மாதிரிப் படங்கள் வரையவும் ஆட்களைப் பார்க்கவும் கிடைக்கும். நான் ஜனவரியில் விட்டேன். பதிப்பாளர்கள் எல்லாம் கடையில் நின்றுகொண்டிருந்தார்கள், அடுத்த ஐந்து மாதம் யாருக்கும் புது அட்டை தேவைப்படவில்லை.

காலண்டர் ஓவியத்தில் ஆர்வம் இருந்தால் கணக்கு வேறு. சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது வழக்கம். அதற்குள் படம் ஆல்பத்தில் ஏறியிருக்கவேண்டும் என்றால் கோடையிலேயே கொடுத்திருக்கவேண்டும். ஆவணியில் போய் நின்றால் அடுத்த வருடத்துக்குத்தான்.

3. பதிவுகள்: எது இலவசம், எது இப்போதைக்கு வேண்டாம்

உத்யம் பதிவு. குறு, சிறு தொழில் என்று மத்திய அரசு தரும் பதிவு. ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம், ஆதாரோடு இணைந்த கைபேசி இவ்வளவுதான் வேண்டும். அரை மணி நேரத்தில் முடியும். கட்டணம் ஒரு பைசா கிடையாது. தேடினால் அரசுத் தளம் போலவே மூவர்ணக் கொடி போட்டுப் பல தளங்கள் வரும், கடைசியில் பணம் கேட்கும். நான் அப்படி ஒன்றில் ஏமாந்தேன். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள், பணம் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

இந்தப் பதிவை முதல் வேலைக்கு முன்பே செய்துவிடவேண்டும். பணம் வராமல் இழுக்கும்போது உதவும் ஆயுதம் இதுதான், பாக்கி விழுந்த பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் பழைய பாக்கிக்குப் பயன்படாமல் போகலாம்.

ஜிஎஸ்டி. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை தமிழ்நாட்டில் பதிவு கட்டாயமில்லை. சில நிறுவனங்கள் 'ஜிஎஸ்டி எண் இருக்கிறதா' என்று கேட்கும்போது பயந்துபோய் எடுத்துவிடாதீர்கள். எடுத்துவிட்டால் வரவே இல்லாத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்யவேண்டும், மறந்தால் தாமதக் கட்டணம். எண் இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி போட்டுப் பணம் வாங்குவதும் தவறு.

வங்கிக் கணக்கு. ஆரம்பத்தில் உங்கள் பெயரிலேயே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு போதும். வீட்டுச் செலவுக் கணக்கோடு கலக்காமல் இருப்பதுதான் முக்கியம். தொழிலுக்குத் தனிப் பெயர் வைத்தால் நடப்புக் கணக்கு கேட்பார்கள், அப்போது உத்யம் சான்று உதவும்.

தொழில் வரி. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வேலையில் இருந்தபோது சம்பளத்தில் பிடித்துக் கட்டிவிடுவார்கள், இப்போது மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ நாமே ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டவேண்டும். ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது.

4. விலை சொல்வது

'ஒரு அட்டைக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள்?' என்று கேட்டால் பக்கத்து ஓவியர் வாங்குவதைச் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். மாதம் 35,000 செலவு என்று வைத்துக்கொள்வோம். காப்பீடு, வரி, கணினித் தேய்மானம், வேலை இல்லாத மாதம் இவற்றுக்கு இன்னொரு 10,000. மொத்தம் 45,000. மாதத்தில் உண்மையில் வரைகிற நாள் பதினைந்துதான் தேறும், மீதி நாள் பேச்சு, பில், அலைச்சல் என்று போய்விடும். ஆக ஒரு நாளுக்கு 3,000. ஓர் அட்டைக்கு மூன்று நாள் என்றால் 9,000.

சிறிய பதிப்பாளரால் அதைத் தரமுடியாது என்றால் விலையைக் குறைப்பதற்கு முன் வேலையைக் குறைத்துப் பாருங்கள். 'முழு ஓவியமாக வேண்டாம், இரண்டு வண்ணத்தில் ஒரு கோட்டோவியம், ஒன்றரை நாளில் முடித்துத் தருகிறேன்' என்று சொல்லலாம். என் மனதுக்குப் பிடித்த அட்டைகளில் பாதி அப்படிப் பிறந்தவைதான். ஒரு கவிதைத் தொகுப்புக்குக் கறுப்பும் மஞ்சளும் மட்டும் வைத்து ஒரு லாந்தர் விளக்கு வரைந்தேன், அந்தக் குறைந்த வண்ணம் இல்லாமல் அந்தப் படம் வந்திருக்காது.

இலவசமாகவும் வரையுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நீங்களாக விரும்பிச் செய்யும்போது முழு விலையைப் போட்டு, அதன் கீழே கழிவு என்று காட்டி, பூஜ்யத் தொகைக்கு ஒரு பில் அனுப்புங்கள். வேலையின் மதிப்பு இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும்.

5. ஒரு பக்க ஒப்பந்தம்

இந்தப் படியில் கொஞ்சம் நிற்கவேண்டும்.

சிறுவர் கதை ஒன்றுக்கு ஒரு பெண் குழந்தை ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி அட்டை வரைந்தேன். குட்டியின் இடது காது பாதியில் மடங்கியிருக்கும். எங்கள் ஆச்சி வீட்டு ஆட்டுக்கு அப்படித்தான் இருந்தது. புத்தகம் நன்றாகப் போனது. அடுத்த வருடம் புத்தகக் காட்சியில் அந்தப் பதிப்பாளரின் கடைக்குப் போனால், துணிப்பை, குறிப்பேடு, சாவிக்கொத்து எல்லாவற்றிலும் அந்தக் குழந்தை. பையில் கைப்பிடி தைக்க இடம் வேண்டுமென்று படத்தின் மேல்பகுதியை வெட்டியிருந்தார்கள். காது இல்லை.

வாங்க வந்தவர்கள் சுற்றி நிற்க, அவரிடம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் திகைத்துப்போய், 'நான் காசு கொடுத்து வரையச் சொன்ன படம்தானே தம்பி?' என்றார். ஏமாற்றும் எண்ணம் அவரிடம் துளியும் இல்லை, அது முகத்திலேயே தெரிந்தது. அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு வழக்கறிஞரிடம் போனேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆவது பிரிவை எடுத்துக் காட்டினார். வரைந்தவர்தான் முதல் உரிமையாளர் என்பது பொது விதி. ஆனால் ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையவைத்த ஓவியமோ உருவப்படமோ என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். எங்களிடம் எழுத்தில் எதுவும் கிடையாது. உரிமை என்னுடையது என்று நான் கத்தியது சட்டப்படியே நிற்கவில்லை. படத்தைச் சிதைத்ததைக் கேள்வி கேட்கவும், வரைந்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளவும் 57ஆவது பிரிவின்படி படைத்தவருக்கு உரிமை உண்டு, அது உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் போகாது. ஆனால் அதற்காக நீதிமன்றம் போகிற உறவா அது?

வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதியிருந்தால் இரண்டு பேரும் இன்றைக்கும் சேர்ந்து டீ குடித்துக்கொண்டிருப்போம். தெரிந்தவரிடம் கையெழுத்துக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று என்னிடம் பலர் சொல்கிறார்கள். தெரிந்தவர் என்பதால்தான் கேட்கவேண்டும்.

அந்தப் பக்கத்தில் இருக்கவேண்டியவை:

வேலை என்ன: முன்னட்டை மட்டுமா, முதுகும் பின்னட்டையும் சேர்த்தா, உள்ளே எத்தனை படம். மாதிரி வரைவு எந்தத் தேதி, முழுப்படம் எந்தத் தேதி. பதிப்பாளர் கருத்துச் சொல்ல எத்தனை நாள். இதை விட்டுவிடாதீர்கள், தாமதம் பாதி நேரம் அங்கேதான் நடக்கிறது. எத்தனை திருத்தம் விலைக்குள் அடங்கும். நான் இரண்டு என்று எழுதுகிறேன். மூன்றாவதுக்குத் தனிக் கட்டணம். முன்பணம் பாதி, மீதி அச்சுக் கோப்பு தரும்போது. பாதியில் வேலை நின்றால் முன்பணம் திரும்பாது. உங்கள் பெயர் புத்தகத்தில் எங்கே வரும். எத்தனை பிரதி உங்களுக்கு.

அப்புறம் உரிமை. என் தாளில் இருப்பதை அப்படியே தருகிறேன், தேவைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

'இந்த ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியருக்கே உரியது. இந்நூலின் தமிழ் அச்சுப் பதிப்பு, மின்னூல், இந்நூலுக்கான விளம்பரம் ஆகியவற்றில் ஏழு ஆண்டுகளுக்குப் பயன்படுத்தப் பதிப்பாளருக்கு அனுமதி உண்டு. மொழிபெயர்ப்புப் பதிப்பிலோ வேறு பொருள்களிலோ பயன்படுத்த விரும்பினால் இருவரும் தனியே எழுதிக்கொள்ள வேண்டும். ஓவியத்தை வெட்டவோ மாற்றவோ ஓவியரிடம் கேட்கவேண்டும்.'

பதிப்பாளர் 'முழு உரிமையும் எனக்கு வேண்டும்' என்று கேட்டால் அது தப்பில்லை, அதற்கு விலை வேறு. அப்போது எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு என்பதை எழுத மறக்காதீர்கள். எழுதாமல் விட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்றும், இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். வாங்கியவருக்கும் அதில் நஷ்டம் வரலாம், ஆகவே இரண்டு பேர் நலனுக்கும்தான்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை, வரைந்த உடனே உரிமை பிறந்துவிடுகிறது. மறுபடி மறுபடி பயன்படுத்தப்போகும் ஒரு கதாபாத்திரம் இருந்தால் மட்டும் பதியுங்கள். ஓர் ஓவியத்துக்கு 500 ரூபாய், சரக்கின் மேல் பயன்படுத்தும் படம் என்றால் 2,000. விண்ணப்பித்த பிறகு ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு இருக்கிறது, சான்று கைக்கு வர அதற்கு மேலும் சில மாதம் பிடிக்கும்.

6. கோப்பு அனுப்பும் முன் அச்சகத்துக்கு ஒரு நடை

எனக்கு வண்ணம் கற்றுக்கொடுத்தது ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தின் மெஷின்மேன். திரையில் ஜொலித்த என் ரோஜா நிறம் தாளில் செங்கல் பொடி மாதிரி வந்தபோது, அவர் என்னை மெஷின் பக்கத்தில் நிறுத்தி, நான்கு மையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதைக் காட்டினார். ஒரு சாயங்காலம்தான். அந்த ஒரு சாயங்காலத்துக்குப் பிறகு நான் நிறம் தேர்ந்தெடுக்கும் முறையே மாறிவிட்டது.

போவதற்கு முன் இவற்றைச் சரிபாருங்கள். டெம்மி என்ற புத்தக அளவு என்றால் ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், அதற்கு மேல் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டுக்கு விடவேண்டும். படத்தின் தெளிவு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. நிறம் சிஎம்ஒய்கே, அதாவது அச்சு மெஷினின் நான்கு மைக்கான முறை. எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் போதும், நான்கு மையும் கலந்த கறுப்பு வைத்தால் சின்ன எழுத்து கலங்கித் தெரியும். தமிழ் எழுத்துரு அச்சகத்தின் கணினியில் இருக்குமென்று நம்பாமல், எழுத்தைப் படம் போலக் கோட்டு வடிவமாக (அவுட்லைன்) மாற்றி அனுப்புங்கள். பின்னட்டையில் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக எண் பட்டைக்கு வெள்ளை இடம் விட்டுவையுங்கள்.

முதுகு அகலத்தைக் கணக்குப் போட்டு ஊகிக்காதீர்கள். பக்க எண்ணிக்கை கடைசி நேரத்தில் மாறும், தாளும் மாறும். பைண்டரிடம் அதே தாளில் ஒரு டம்மி, அதாவது அச்சில்லாத மாதிரிப் புத்தகம், கட்டித் தரச் சொல்லி, ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். இரண்டு மில்லிமீட்டர் தப்பினால் நூலின் பெயர் முன்னட்டைக்கு வழிந்துவிடும்.

7. பில், வரி, வராத பணம்

பில்லில் உங்கள் பெயர், முகவரி, பான் எண், உத்யம் எண், பில் எண், தேதி, வேலையின் விவரம், வங்கி விவரம், எத்தனை நாளில் பணம் வேண்டும் என்பது இருக்கட்டும். கோப்பு அனுப்பும் அன்றே பில்லும் போகவேண்டும். 'அப்புறம் அனுப்புகிறேன்' என்று விட்ட பில்லை நானே மறந்திருக்கிறேன்.

வரிப் பிடித்தம் செய்யவேண்டிய நிறுவனங்கள், ஓர் ஆண்டில் உங்களுக்குத் தரும் தொழில்முறைக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000. பான் கொடுக்கவில்லை என்றால் 20 சதவீதம். பிடித்த பணம் உங்கள் கணக்கில் வரவாகிறதா என்று வருமான வரித் தளத்தில், பிடித்த வரி பதிவாகும் 26 ஏஎஸ் அறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். நான் சிறுவர் புத்தக வரிசை ஒன்றுக்கு 60,000 ரூபாய்க்குப் பில் போட்டேன். 6,000 பிடித்தார்கள். என் பான் எண்ணில் ஓர் எழுத்தைத் தப்பாக ஏற்றியிருந்ததால் அது என் அறிக்கையில் வரவே இல்லை. அதைத் திருத்த பிடித்தவர்தான் மறுபடி தாக்கல் செய்யவேண்டும், நம்மால் முடியாது. நான் ஒரு வருடம் கழித்துக் கவனித்ததால், அந்தக் கணக்காளரும் வேலையை விட்டுப் போயிருந்தார்.

வருமான வரியைப் பொறுத்தவரை ஒரு சந்தேகத்தை மட்டும் முதல் ஆண்டே தீர்த்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட சில தொழில்களுக்கு வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், விரிவான கணக்குப் புத்தகம் வேண்டாம் என்று ஓர் எளிய முறை இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள் அலங்காரம் வரும், திரைப்படக் கலை இயக்குநர் வருவார், புத்தக ஓவியர் என்று பெயர் சொல்லி வராது. நாம் எந்த முறையில் தாக்கல் செய்வது என்பதை ஓர் ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், வருடத்துக்கு ஒரு வழி என்று மாற்றாதீர்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன, பழைய குறிப்புகளை வைத்து நிரப்பவேண்டாம்.

பணம் வரவில்லையா? உத்யம் பதிவு உள்ள குறு, சிறு தொழிலுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக்கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தரவேண்டும் என்கிறது சட்டம். இதற்கென இருக்கும் மத்திய அரசுத் தளத்தில் புகார் பதியலாம்.

ஆனால் புகார் என்பது கடைசிப் படி. நான் செய்வது இது: 30ஆம் நாள் ஒரு நினைவூட்டல், பில்லை இணைத்து. 40ஆம் நாள் தொலைபேசி. குரலைக் கேட்டால்தான் பல நேரம் உண்மை தெரியும். ஒருமுறை அப்படிக் கூப்பிட்டபோது அந்தப் பதிப்பாளர் மருத்துவமனையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதம் கழித்துத் தாருங்கள் என்றேன், அந்தத் தேதியைக் குறித்து ஒரு செய்தியும் அனுப்பினேன். சொன்ன நாளில் வந்தது.

8. முடியாது என்று சீக்கிரம் சொல்வது

நவம்பரில் எல்லா வேலைக்கும் சரி என்று சொல்லிவிடத் தோன்றும். உங்களால் முடியாது என்று உங்களுக்குத் தெரியும் நாளுக்கும் நீங்கள் அதைச் சொல்லும் நாளுக்கும் நடுவே எத்தனை நாள் போகிறது என்று பாருங்கள். அது ஒரு நாளுக்கு மேல் போகக்கூடாது.

ஒரு வருடம் கைவிரலில் வலி வந்து ஓர் அட்டையை முடிக்கமுடியாது என்று தெரிந்தது. வாங்கியிருந்த 5,000 முன்பணத்தை அன்றே திருப்பி அனுப்பிவிட்டு, எனக்குப் பழக்கமில்லாத, ஆனால் வேலை பிடித்திருந்த ஓர் ஓவியரின் எண்ணைக் கொடுத்தேன். அந்தப் பதிப்பாளர் அதன் பிறகு அவரிடமே போய்விட்டார், என்னிடம் வரவில்லை. ஆனால் அந்த ஓவியர் என்னைக் கூப்பிட்டு நன்றி சொன்னார். இன்றைக்கு எனக்கு வரும் சிறுவர் புத்தகங்களில் பல அவர் கைமாற்றி விடுபவை. எந்த நிறத்தில் தடுமாறினாலும் இரவு பத்து மணிக்குப் படத்தை அனுப்பி 'என்ன தப்பு?' என்று கேட்கிற ஆளும் அவர்தான். தனியாகத் தொழில் செய்பவருக்கு அப்படி ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

9. சொந்தப் படத்துக்கு வாரம் ஒரு நாள்

யாரும் கேட்காத படம் ஒன்றை வாரம் ஒரு நாள் வரையுங்கள். நான் புதன்கிழமை. அன்றைக்குக் கைபேசி மதியம் வரை அணைந்திருக்கும், இதை எல்லாப் பதிப்பாளர்களிடமும் முன்பே சொல்லியிருக்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்டதை மட்டும் வரைந்துகொண்டிருந்தால் இரண்டு வருடத்தில் எல்லா அட்டையும் ஒரே மாதிரி ஆகிவிடும். எனக்கு ஆகியது.

மாதிரித் தொகுப்பில் பதினைந்து படத்துக்கு மேல் வேண்டாம். மறுபடி வரைய விரும்பாத பாணியை அதில் வைக்காதீர்கள், வைத்தால் அதையேதான் கேட்டு வருவார்கள்.

10. வேலை முடிந்த பிறகு

அச்சுக் கோப்பையும் மூலக் கோப்பையும் இரண்டு இடத்தில் சேமியுங்கள். மறுபதிப்புக்கு ஐந்து வருடம் கழித்தும் கேட்பார்கள், தேடாமல் எடுத்துக் கொடுத்தால் அந்த நம்பிக்கை தனி. ஒப்பந்தத் தாளையும் அதே உறையில் வையுங்கள்.

ஆட்டுக்குட்டிப் பதிப்பாளரைப் போன ஆண்டு நேரில் போய்ப் பார்த்தேன். சட்டம் அவர் பக்கம் இருந்ததையும், கடையில் நான் கத்தியது தவறு என்பதையும் சொன்னேன். அவர் காதை வெட்டியதற்கு வருத்தப்பட்டார். மேலே சொன்ன ஒரு பக்கத் தாளைக் கொடுத்தேன், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, 'வேறு பொருள்கள்' என்ற இடத்தில் 'பை தவிர' என்று சேர்க்கலாமா என்று கேட்டார். விலை பேசினோம். அதற்குப் பிறகு இரண்டு புத்தகம் செய்துவிட்டோம். பழைய அரட்டை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

கடைசியாக ஒன்று. ஒப்பந்தத்தில் உங்களுக்கு நான்கு பிரதி என்று எழுதி வாங்குங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று வீட்டுக்கு. மூன்றாவதை மெஷின்மேனிடமும் நான்காவதை பைண்டரிடமும் கொண்டுபோய் நேரில் கொடுங்கள். வருடம் முழுக்கப் புத்தகம் அவர்கள் கை வழியாகத்தான் போகிறது, ஆனால் பெயர் எழுதி யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். அவர்கள் பிள்ளைகளின் பெயரைக் கேட்டு முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.